மொட்டை மூக்கா, ஊசி மூக்கா?

கத்தி விற்கிறவளுக்குக் கையில் வெட்டு விழுவது குறைவு; வாயைத் திறக்காமல் நின்றால்தான் வெட்டு விழும்.

பதுளை டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று மடக்குக் கத்தி விற்பது என் வேலை. கடைகளில் நின்று நின்று கால் வீங்கி, சிரிப்பு வராத நேரத்திலும் சிரித்து, சாமான் வாங்க வருகிறவர்களிடம் பேச்சும் வாங்குகிற அக்கா தங்கச்சிமார் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வரவில்லை. ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் மலையில் குளவிக்கூடு கலைந்து, எங்களைத் துரத்தித் துரத்திக் கொட்டியது. தொண்டை வீங்கி மூச்சு நின்றது மட்டும் ஞாபகம். கண் விழித்தது ஆஸ்பத்திரியில். இன்னொரு தடவை கொட்டினால் பிழைப்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு மூன்று வயது. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்தேன்.

முதலாளி ஒரு ஹாஜியார். நான் வாய் திறக்காதவள் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். மூன்று மாதம் பார்ப்போம், விற்ற கத்தி திரும்பித் திரும்பி வந்தால் வேறு ஆளைத்தான் தேடுவேன் என்றார். எனக்கு இந்த வேலை போனால் மலைதான். மலை என்றால் குளவி.

மடக்குக் கத்தி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். நுனியில்தான் எல்லாம் இருக்கிறதாம். எங்கள் கடையில் அதை மூக்கு என்போம். முதுகுப் பக்கம் செதுக்கி, நுனி கூராக முடிந்தால் ஊசி மூக்கு. குத்தித் துளை போட அது. முதுகு மெதுவாகச் சரிந்து இறங்கினால் சரிவு மூக்கு. பழம் சீவுவதோ கயிறு அறுப்பதோ, எந்த வேலைக்கும் அது ஒத்துவரும். உள்பக்கம் வளைந்திருந்தால் கிளி மூக்கு. கொடியையும் கயிற்றையும் கொக்கி போட்டு இழுத்து அறுக்கலாம். நுனியே இல்லாமல் முதுகு வளைந்து வந்து வெட்டுகிற வாயோடு சேர்ந்துவிட்டால் மொட்டை மூக்கு. அது சீவும், வெட்டும், குத்தாது. இந்த நாலு மூக்கைப் படித்து முடிப்பதற்குள் எனக்குப் போன உயிர் எத்தனை தடவை திரும்பி வந்தது என்று கேளுங்கள்.

பில்லா, வில்லா?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். குடையும் கைப்பையுமாக ஒரு டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் படிப்பிக்கிறார். அவர் கேட்டது வில்லுக் கத்தி. என் காதில் விழுந்தது பில்லுக்கத்தி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் புல்லைப் பில்லு என்றுதான் சொல்வோம். பில்லு வெட்டுகிற கத்தி இந்த டீச்சருக்கு எதற்கு என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. ஆனால் பெரிய மனுஷியிடம் திருப்பிக் கேட்க வெட்கம். உள்ளே போய், இருந்ததிலேயே நீளமான பில்லுக்கத்தியைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி வந்து கண்ணாடி மேல் வைத்தேன்.

டீச்சர் இரண்டு அடி பின்னால் போனார். குடை கீழே விழுந்தது. பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டிருந்தவர் வாசல் வரைக்கும் போய்விட்டார். முதலாளி ஓடி வந்துதான் விளக்கினார். மடக்குக் கத்திக்குள்ளே ஒரு வில், அதாவது ஸ்பிரிங், இருப்பதால் யாழ்ப்பாணத்தில் அதை வில்லுக் கத்தி என்பார்களாம்.  சின்னதாகச் சரிவு மூக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் மூச்சை இழுத்து விட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நான் அப்பிள் சீவக் கேட்டனான், ஆளைச் சீவ இல்லை."

சொல்லக்கூடாத மூக்கு

பசறைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மிளகுக்கொடி போட்டிருக்கிறாராம். கொடியைக் கட்டின கயிற்றை மரத்தோடு ஒட்டி அறுக்க வேண்டும், கொடியில் கத்தி படக்கூடாது என்று விவரமாகச் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். முதல் தடவையாக ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. குனிந்தே நிற்கிறவள் அன்றைக்குத் தலையைத் தூக்கி, அவர் முகத்தை நேராகப் பார்த்து, கடைக்கே கேட்கிற மாதிரி, உங்களுக்குக் கிளி மூக்குங்க என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அவர் மூக்கைப் பார்த்தேன். ஐயோ, என்னத்தைச் சொல்வேன். அப்படியே கிளிதான்.  சீமெந்து மூட்டை தூக்குகிறவர் மூட்டையோடு நின்றுவிட்டார். நான் அந்தக் கத்தியைப் பிரித்து வைத்தேன். அவர் கத்தியின் வளைவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மூக்கையும் ஒரு தடவை தடவிக்கொண்டார். "பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட இத உள்ள போய்த்தாம்மா பேசிக்கிட்டாங்க."

கையில் கொடுக்காத கத்தி

கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கீழே வைக்க வேண்டும், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கடையிலும் அப்படியே செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கையை நீட்டினார். நான் கண்ணாடி மேல் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி நீட்டினார். நான் கத்தியை எடுத்து, மறுபடியும் கண்ணாடி மேலேயே வைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் எந்தத் தோட்டம், யார் மகள் என்று கேட்டார். தன் கை பட்டால் எனக்குத் தீட்டு ஒட்டிக்கொள்ளுமா என்றும் கேட்டார்.

 இப்படி ஓர் அர்த்தம் அதில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர் எத்தனை இடத்தில் எப்படியெல்லாம் பட்டிருந்தால் இதைப் பார்த்ததும் அது தோன்றியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது அழுகைதான் வந்தது. கையில் கொடுத்தால் சண்டை வருமென்று எங்கம்மா சொல்லும் என்று எப்படியோ முனகிவிட்டேன்.  அவர் கத்தியைத் தானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "கையில குடுக்காததாலதான் இப்ப சண்டையே வந்திருச்சு, தங்கச்சி."

ஆட்டுக்கு வந்த கோபம்

தெமோதரையிலிருந்து ஓர் அக்கா வந்து நல்ல கூரான மடக்குக் கத்தி கேட்டார். நான் ஊசி மூக்கைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கத்தி வாங்க வந்தவரிடம் அதைக் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று கூச்சம்.

நாலு நாள் கழித்து அதே அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். தொடையில் தையல் போட்டிருக்கிறதாம். ஆட்டுக்குக் குளம்பு சீவத்தான் கத்தி வாங்கியிருக்கிறார். ஆட்டின் காலைத் தன் மடியில் வைத்துச் சீவும்போது அது உதறிவிட்டது. ஊசி நுனி நேரே தொடையில் இறங்கிவிட்டது. நான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். துள்ளுகிற உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு நுனியில்லாத மொட்டை மூக்குத்தான் என்று முதலாளி சொல்லி, கத்தியை மாற்றிக் கொடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் கத்தி திரும்பி வந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னார்: "நீ எதுக்குன்னு கேக்கல, நானும் ஆட்டுக்குன்னு சொல்லல, ஆடு ரெண்டு பேரையும் கேக்காம ஒதச்சிருச்சு, விடு."

வீட்டில் நடந்த ஒத்திகை

இனி யார் வந்தாலும் எதற்கு என்று கேட்காமல் கத்தியை வெளியே எடுக்கக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஒரு வார்த்தைதான். ஆனால் அது என் தொண்டையைத் தாண்டி வராது. அதனால் வீட்டில் பழகினேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ரொட்டி தட்டிக்கொண்டே, எதுக்குங்க, எதுக்குங்க என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாமியார் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தார். மகள் அதைப் பாட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற நாள். ஊசி போட வருகிற மிட்வைஃப் அம்மாவைக் கண்டால் எங்கள் லயத்தில் பெரியவர்களே எழுந்து நிற்போம். அவர் சொன்னால் சொன்னதுதான். மகளின் கையைப் பிடித்து ஊசியைத் தூக்கினார். என் பிள்ளை அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, எதுக்குங்க என்றது.  மிட்வைஃப் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எந்த நோய் வராமல் இருக்க அது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொறுமையாக விளக்கினார். பிறகு ஊசி போட்டார். போகும்போது என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷத்துல இந்தத் தோட்டத்துல என்னைக் கேள்வி கேட்டது இது ஒண்ணுதான், நீங்கள்லாம் எப்பக் கேப்பீங்க?"

இவளுக்குத்தான்

இதற்கிடையில் இரண்டாவது கத்தியும் திரும்பி வந்தது. நான் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. வாங்க வந்தவர் பழம் வெட்ட என்றார், கொடுத்தேன். அவர் வீட்டில் அதை வைத்துப் பால்மா டின் மூடியைத் தெண்டி நுனியை உடைத்துக்கொண்டு வந்தால் நான் என்ன செய்ய? ஆனாலும் வந்தது வந்ததுதான். இன்னொன்று வந்தால் அப்புறம் பேசிக்கொள்வோம் என்று முதலாளி சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நிலைமையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் முறுக்கு மீசை. அந்த அம்மா அவருக்குப் பின்னால் ஒன்றும் பேசாமல் நின்றார். சின்னதாக, ஆனால் நல்ல வெட்டாகக் கத்தி வேண்டும் என்றார் மீசைக்காரர். எதுக்குங்க என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு பெண்சாதியைத் திரும்பிப் பார்த்து, இவளுக்குத்தான் என்றார். அவ்வளவுதான். துடைத்துக்கொண்டிருந்த கத்தியைப் படக்கென்று மூடி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அந்த அம்மா கோயிலுக்குப் பூமாலை கட்டுகிறவர். நார் அறுக்கத்தான் கத்தி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. "பயப்படாத தங்கச்சி, இந்த ஆளுக்கு வாழைப்பழம் உரிக்கவே நான் வேணும்."

ஒருத்தனுக்கு

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. காலையில் கடை திறந்த கையோடு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அந்த நேரத்திலேயே சாராய வாடை. ஊசி மூக்கைக் காட்டி எடுக்கச் சொன்னார். எதுக்குங்க என்றேன். ஒருத்தனுக்கு என்றார்.

மாலை கட்டுகிற அம்மா ஞாபகம் வந்து, முதலில் எனக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது. யாருக்கோ வாங்கிக் கொடுக்கிறார் போல என்று நினைத்துக் கத்தியைக் கண்ணாடி மேல் வைத்தேன். ஒரு விஷயம் சொல்கிறேன், கடையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். கத்தி வாங்க வருகிற எல்லாரும் அதன் வாயைத்தான் பெருவிரலால் தடவிப் பார்ப்பார்கள். எவ்வளவு நன்றாக வெட்டும் என்று பார்க்க அதுதான் வழி. இவர் வாயைத் தொடவே இல்லை. நுனியை மட்டும் விரலில் வைத்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கத்தியை அவர் பார்க்கவும் இல்லை. வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். 

விற்க முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வாய் வரவில்லை. முதலாளியைக் கூப்பிடவும் பயம். நான் நினைத்தது தப்பாக இருந்து, வந்த ஆளை விரட்டினேன் என்றாகிவிட்டால்? சும்மா இல்லை என்று சொல்லி அனுப்பினால் அடுத்த கடையில் வாங்கிவிடுவார். அதனால் கடைக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு பொய் சொன்னேன். இதில் வில் சரியில்லைங்க, திரும்பி வந்த கத்தி என்றேன். கீழ்த் தட்டிலிருந்து மொட்டை மூக்கு ஒன்றை எடுத்து, இதுதான் நல்ல உருக்கு, எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றேன். இவ்வளவு நீளமாக நான் பேசினதே இல்லை. அவர் சரியாகக்கூடப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் எனக்கு உயிர் உயிராக இல்லை. பஸ்ஸில் யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினால் என் காது அங்கேயே போகும். வெட்டு, குத்து என்று ஏதாவது சொல்கிறார்களா என்று. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவரே வந்தார். வலது கையில் நாலு விரலையும் சேர்த்துப் பெரிய கட்டு. கூடவே இன்னொருவர், அதே முகம், வயசு கொஞ்சம் குறைவு. கட்டுப் போட்டவர் கத்தியைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு முதலாளியிடம் முறையிட்டார். நுனியில்லாத கத்தியை நான் பொய் சொல்லித் தலையில் கட்டிவிட்டேனாம். அமுக்கினால் மடங்கி அவர் விரலையே பதம் பார்த்துவிட்டதாம். மடக்குக் கத்தியைக் குத்துகிற மாதிரி அமுக்கினால் அது பின்னால் மடங்கத்தான் செய்யும், எதன் மேல் அமுக்கினீர்கள் என்று முதலாளி கேட்டார். 

கூட வந்தவர் சொன்னார்: "என் மேலதான், மொதலாளி."

 கூட வந்தவர் அவருடைய சொந்தத் தம்பி. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார்கள். தம்பி கட்டின கோழிக்கூடு அண்ணன் பக்கம் ஒரு சாண் தள்ளிவிட்டதாம். அதற்குத்தான் கத்தி. ஒரு சாண் நிலத்துக்கு. குளிருக்குத் தம்பி இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். மொட்டை மூக்கு வழுக்கி, மேல் ஸ்வெட்டரில் ஒரு நூலை இழுத்ததோடு மடங்கிவிட்டது. அந்த நூலை அவர் எங்களுக்குக் காட்டினார். அண்ணன் கையில் ரத்தத்தைக் கண்டதும் திரீவீலில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். தனியாக வந்தால் அண்ணன் கடையிலும் சண்டை போடுவார் என்று துணைக்கு வந்திருக்கிறார். அண்ணன் அதுவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு, கடை நடுவில் குந்திவிட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். எதற்கு என்று கேட்டாயா என்றார். கேட்டேன் என்றேன். என்ன சொன்னார் என்றார். ஒருத்தனுக்கு என்று சொன்னார் என்றேன். பிறகு ஏன் இந்தக் கத்தியைக் கொடுத்தாய் என்றார்.  மகள் முகம் வந்தது, மலை வந்தது, குளவி வந்தது. "அதனாலதாங்க இதக் குடுத்தேன்" என்றேன். 

தம்பி அண்ணனைத் தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் வேறு கத்தி கேட்கவில்லை, முதலாளியும் கொடுக்கவில்லை. அந்தக் கத்தியை முதலாளி மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். மூன்றாவது கத்தி. போய் வருகிறேன் என்று சொல்ல நான் என் பையைக்கூட எடுத்துவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், இது ஒண்டாவது பொலிசுக்குப் போகாம கடைக்கே திரும்பி வந்திச்சே. பைய வெச்சிட்டு வேலயப் பாரு புள்ள."

கத்திக் கடையில் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், ஒரு கத்தியையாவது வேண்டுமென்றே தப்பாக விற்றிருக்க வேண்டும் போலிருக்கிறது.